சிவப்புக் கட்டை

வடக்கு மினசோட்டா
அக்டோபர் 9, 1983

தம்பி எல்டன்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைக் குப்பையில் போடாமல் பிரித்தாயே, அதற்கு முதலில் நன்றி. போட்டிருந்தாலும் பரவாயில்லை, சுவரோடு பேசிப் பழக்கம்தான்.

நீ ஹூஸ்டனுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போகிற அன்று என் பாட்டில்களையெல்லாம் வாசல் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டு, தெருவே வேடிக்கை பார்க்க, "பாட்டில் இருக்கிற வீட்டு வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன்" என்று கத்தினாய். பக்கத்து வீட்டு மார்ட்டி இன்னும் அதை நடித்துக் காட்டுகிறான். உன்னைவிட நன்றாகவே கத்துகிறான்.

ஈஸ்டரிலிருந்து நான் தொடவில்லை. இதை ஒரு தடவைதான் சொல்வேன். நம்பினால் நம்பு.

சுரங்கத்தில் வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று சொல்லியே இரண்டாவது குளிர்காலமும் வந்து நிற்கிறது. ஆகஸ்டில் தொலைபேசியை வெட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம், ஆசையால் இல்லை. நீயும் நானும் கராஜில் ஆரம்பித்த படகு, நீ விட்டுப் போனபடியே விலா எலும்பைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. உன் அண்ணி ஐலி தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் போகிறாள். "செத்த மாட்ட எத்தனை நாள்தான் வீட்டுக்குள்ள வெச்சிருப்ப?" என்று நேற்று கேட்டாள். முடித்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மே மாதம் ஏரியில் பனி உடைந்ததும் தண்ணீரில் இறக்கவேண்டும்.

சிக்கல் என்னவென்றால் சூடு. அப்பா எண்ணெய்ப் பீப்பாயை அறுத்துச் செய்த விறகு அடுப்பு போய்விட்டது. காப்பீட்டுக்காரன் வந்து பார்த்துவிட்டு, "வீட்டோட ஒட்டின கராஜ்ல விறகு அடுப்பா? உள்ள பெட்ரோல் வண்டி வேற நிக்குது. ஒரு பொறி போதும் சார், எடுத்துடுங்க, இல்லன்னா காப்பீடு இல்ல" என்று சொல்லிவிட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல். அடுப்பைப் பெயர்த்தேன், கூரையில் புகைக்குழாய் போன ஓட்டையைத் தகரம் வைத்து மூடினேன். இப்போது எல்லோரும் வாங்குகிறார்களே, மண்ணெண்ணெய் ஹீட்டர், அதில் ஒன்று வாங்கியிருக்கிறேன். குழாய் கிடையாது, பொறி கிடையாது, நடு அறையில் வைத்தால் போதும்.

அடிப்பலகையை ஒட்டுவதற்கு எந்தப் பசை, எவ்வளவு சூட்டில் வைக்கவேண்டும்? அது உன் மண்டையில்தான் இருக்கிறது. உபதேசம் எழுதுவதாக இருந்தால் எழுதவேண்டாம். பசையைப் பற்றி மட்டும் எழுது.

ரெய்னோ


ஹூஸ்டன்
அக்டோபர் 20, 1983

அண்ணா,

ஈஸ்டரிலிருந்து என்கிறாய். எந்த வருஷத்து ஈஸ்டர் என்று எழுத மறந்துவிட்டாய்.

சரி, கோபப்படாதே. அந்த வார்த்தை எழுதிய பிறகு அடித்துவிடலாமா என்று யோசித்தேன், அடிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை நீ நிறுத்தியதை நான் நம்பியிருக்கிறேன். இரண்டாவது தடவை லாரி பள்ளத்தில் கிடந்தபோது பக்கத்து இருக்கையில் இருந்தவன் நான். தோள் எலும்பு இன்றும் மழைக்கு முன்னால் சொல்லிவிடும்.

இங்கே அக்டோபரிலும் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. கரப்பான்பூச்சி உள்ளங்கை அளவுக்கு இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலையில் குழாய் பொருத்துகிறேன். எர்னெஸ்டோ என்று ஒருவன் கூட வேலை செய்கிறான், நல்லவன், மதியச் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தள்ளிவிடுகிறான்.

பசை: பழுப்பு டப்பாவில் வரும் இரண்டு பாகம் கலக்கிறதை வாங்கு. கராஜ் ராத்திரி முழுக்க சூடாக இருக்கவேண்டும், சட்டையோடு நிற்கிற அளவுக்கு. பாதியில் குளிர்ந்தால் பசை இறுகாது, முதல் அலையிலேயே பலகை பிரிந்துவிடும்.

இனி நீ கேட்காதது. பனிவண்டியின் பெட்ரோல் டப்பாவை வெளியே கொண்டுபோய் வை. ஹீட்டருக்கு எண்ணெய் ஊற்றுவதென்றால் அணைத்து, ஆறிய பிறகு, வெளியே வைத்து ஊற்று. வார்னிஷ் அடிக்கிற அன்று ஹீட்டர் எரியவே கூடாது. குழாய் கிடையாது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். குழாய் இல்லையென்றால் அது எரிந்து கக்குகிறதெல்லாம் உன்னோடுதான் உள்ளே இருக்கும். கராஜ் கதவுக்கு அடியில் அப்பாவின் சிவப்புக் கட்டையை வைத்தாயா? விறகு அடுப்புக்குக் குழாய் இருந்தும் அவர் அந்தக் கதவை ஒரு நாளும் முழுக்க இறக்கவிட்டதில்லை. நாம் சின்ன வயசில் உள்ளே போனாலே, சமையலறையிலிருந்து "கட்ட வெச்சியா?" என்று கத்துவார். "குளிருதுப்பா" என்றால், "குளிர்னா கோட்டுப் போடு" என்பார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். அவர்கள் இதயத்துக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

எல்டன்


வடக்கு மினசோட்டா
நவம்பர் 13, 1983

தம்பி,

முதல் பெரிய பனி விழுந்துவிட்டது. உன் பசை வந்துவிட்டது. நாற்றம் குடலைப் புரட்டுகிறது, ஆனால் பிடித்துக்கொள்கிறது.

நீ சொன்னபடி பெட்ரோல் டப்பா வெளியே போயாயிற்று. எண்ணெயையும் வெளியே நின்றுதான் ஊற்றுகிறேன், விரல் விறைக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே. கராஜைப் பார்த்தால் நீயே மெச்சுவாய். ஜன்னலுக்கு இரண்டு அடுக்கு பிளாஸ்டிக் ஒட்டிவிட்டேன். சுவர் இடுக்கெல்லாம் பழைய கம்பளியைத் திணித்திருக்கிறேன். வெளியே சுவரைச் சுற்றி இடுப்பளவுக்குப் பனியை வெட்டி அணைத்திருக்கிறேன், அப்பா செய்வாரே, அதேபோல. காற்று உள்ளே வர அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். அந்தச் சின்ன ஹீட்டர் இவ்வளவு பெரிய இடத்தைச் சுடவைக்கிறது என்றால் நம்பமாட்டாய்.

கட்டை வைத்திருக்கிறேன். ஆனால் நிற்கவைத்தால் காற்று கணுக்காலைக் கத்தியால் கீறுகிறமாதிரி வருகிறது. அதனால் படுக்கப் போட்டிருக்கிறேன். கட்டை கட்டைதானே.

அடிப்பலகை இரண்டு முடிந்தது. மூன்றாவதை இரண்டு தடவை குட்டையாக அறுத்துவிட்டேன். இரண்டாவது தடவை ஐலி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "படகு முடியும்போது ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கும் போல. அது நானா, உன் தம்பியா?" என்று கேட்டாள். சாயந்திரம் ஆனால் தலை வலிக்கிறது, நெற்றியில் பட்டை போட்டு இறுக்குகிறமாதிரி. பசை நாற்றம்தான். வீட்டுக்குள் வந்து படுத்தால் போய்விடுகிறது.

மாத்திரையெல்லாம் சாப்பிடுகிறாள். நீ கேட்டாய் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இந்த வீட்டில் உனக்கு இன்னும் ஒரு ஓட்டு இருக்கிறது.

ரெய்னோ


ஹூஸ்டன்
நவம்பர் 24, 1983

அண்ணா,

இன்று நன்றிநாள் விருந்து. எர்னெஸ்டோ வீட்டில் சாப்பிட்டேன். வான்கோழியோடு மிளகாய்ச் சாறும் வைக்கிறார்கள். கண்ணில் நீர் வந்தது, எதற்காக என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

உன் கடிதத்தை நான்கைந்து தடவை படித்துவிட்டேன். நம்மூர்ப் பனியின் வாசனை அதில் அடிக்கிறது. மே மாதம் பத்து நாள் விடுப்புக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். படகு முடியுமென்றால் வருகிறேன். நீ முன்னால் உட்கார், நான் பின்னால், அண்ணி கரையில் நின்று நம்மை ஏசட்டும்.

தலைவலியைப் பற்றி எழுதியிருந்தாய். பசையாக இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. முன்பு கராஜில் எங்கெங்கே ஒளித்துவைப்பாய் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இந்தத் தடவை நீ சொல்வது உண்மையாக இருக்கவேண்டும் என்று சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் கண்ணை மூடியபோது வேண்டிக்கொண்டேன்.

எல்டன்


கராஜ்
டிசம்பர் 4

எல்டன்,

இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ராத்திரி பசை இறுகவேண்டும், அதனால் ஹீட்டரை விட்டு நகரக்கூடாது. சூடு நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

எந்தப் பசை என்று எழுதச் சொன்னேனே, எழுதவில்லையே நீ. எவ்வளவு சூட்டில் வைக்கவேண்டும்? ஒரு சாதாரணக் கேள்விக்குப் பதில் எழுத முடியாத அளவுக்குப் பெரிய மனுஷன் ஆகிவிட்டாயா? ஹூஸ்டன்காரன். எல்லோரும் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தோம். நீ ஓடினாய். அப்பாவுக்கு மூச்சு வாங்கியபோது யார் தூக்கி உட்காரவைத்தது? நான். நீ எங்கே இருந்தாய்? எனக்கு ஞாபகம் வரவில்லை. நீ இருந்தாயோ என்னவோ.

உளி கையிலிருந்து விழுகிறது. எடுத்தால் மறுபடி விழுகிறது. நேற்றுப் படியில் கால் இடறி விழுந்தேன், ஒன்றும் உடையவில்லை. சாப்பிட்டது தங்கவில்லை. ஐலியை அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டேனாம், சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை, போய் உள்ளே உட்கார்ந்துகொண்டாள். என்ன கேட்டேன் உன்னிடம்? பசை. எந்தப் பசை என்று

சூடு நன்றாக இருக்கிறது. கட்டை இருக்கிறது, படுத்துக்கொண்டிருக்கிறது, எல்லோரும் படுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரெய்னோ


ஹூஸ்டன்
டிசம்பர் 11, 1983

ரெய்னோ,

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை.

இந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? கோடு விட்டுக் கோடு தாவுகிற இந்த எழுத்தை? லாரி பள்ளத்தில் விழுவதற்கு முந்தின வாரம் நீ எனக்கு எழுதிவைத்த சீட்டும் இப்படித்தான் இருந்தது. சொன்னதையே சொல்வது, கேட்டதையே கேட்பது, வாந்தி, விழுவது, பழைய கணக்கைத் தோண்டுவது, பெண்டாட்டி பேர் மறப்பது. ஒன்றுகூடப் பாக்கியில்லை. பசை பற்றி அக்டோபரிலேயே எழுதினேன், நீ வாங்கியும் விட்டாய், அதில் இரண்டு பலகையும் ஒட்டிவிட்டாய்.

குடித்தாயா? ஆமாம் என்று எழுதியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஈஸ்டர், ஒரு தடவைதான் சொல்வேன் என்றெல்லாம் வீரவசனம் பேசிவிட்டு இப்படிச் செய்தாயே, அதுதான் தாங்கவில்லை. நான் மேலாளரிடம் போய் மே மாதத்துக்கு விடுப்புக் கேட்டுவிட்டேன், முட்டாள்.

அண்ணிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் எழுதியிருக்கிறேன், வேறு யாரிடம் சொல்வது? "அவன அந்தக் கராஜ்ல தனியா விடாதீங்க அண்ணி. ஒரு நாற்காலி போட்டுப் பக்கத்துலயே உக்காருங்க. உங்க கண்ணு முன்னாடி அவன் குடிக்கமாட்டான்" என்று எழுதினேன். நீ அவர்களிடம் சத்தம் போட்டால் எனக்குத் தெரியவரும்.

தெளிந்த பிறகு எழுது. அதுவரை எழுதாதே. எழுதினாலும் பிரிக்கமாட்டேன்.

எல்டன்


வடக்கு மினசோட்டா
டிசம்பர் 18, 1983

தம்பி,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இதைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, மத்தியான வெளிச்சத்தில், தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்த சட்டையோடு எழுதுகிறேன். கோடு நேராக இருக்கிறதா பார்த்துக்கொள்.

நான் குடிக்கவில்லை.

போன கடிதத்தில் என்ன எழுதினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. நீ எழுதியதைப் பார்த்தால் நன்றாக எழுதவில்லை என்று தெரிகிறது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியபோது நீயும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தாய். அது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு என்னமோ ஆகிறது எல்டன். ராத்திரி கராஜிலிருந்து வரும்போது தலை பாரமாகி, கால் பஞ்சாகிவிடுகிறது. காலையில் பாதி சரியாகிவிடுகிறது. அப்பாவுக்கு வந்ததுபோல் மூளையில் ஏதாவது கட்டியோ என்று நினைக்கிறேன். ஐலியிடம் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் பண்டிகை போகட்டும், டாக்டரிடம் போகிறேன்.

நீ வைத்த காவல் பலமாகத்தான் இருக்கிறது. சாயந்திரம் சாப்பாடு முடிந்ததும் பின்னல் கூடையைத் தூக்கிக்கொண்டு நாற்காலியோடு வந்துவிடுகிறாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காருகிறாள். "உன் தம்பி என்னைப் போலீஸ் ஆக்கிட்டான். சம்பளம் எப்போ வரும்னு கேட்டு எழுது" என்கிறாள். முதல் நாள் எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து பேசியதில்லை. நான் பலகை இழைக்கிறேன், அவள் உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறாள். ஹூஸ்டனில் எதற்கு ஸ்வெட்டர் என்றால், "மே மாசம் ஏரிக் காத்துக்கு வேணும்ல" என்கிறாள்.

வெளியே பூஜ்யத்துக்கு நாற்பது டிகிரி கீழே போய்விட்டது. அவளுக்கு ரத்த ஓட்டம் குறைவு, பாதம் சீக்கிரம் சில்லிட்டுவிடும். முந்தாநாள் எழுந்துபோய்க் கட்டையைக் காலால் தள்ளிவிட்டு, கதவை முழுக்க இறக்கி, கூடத்து விரிப்பைச் சுருட்டி அடியில் அடைத்துவிட்டாள். "அப்பா இருந்தா கத்துவாரு" என்றேன். "உங்கப்பாவுக்கு மயிர்த்தோல் பூட்ஸ் இருந்துச்சு. எனக்கு உன் பழைய காலுறைதான் இருக்கு" என்றாள். சரி, நான் நாள் முழுக்க இருப்பவன், அவள் இரண்டு மூன்று மணி நேரம்தான், விட்டுவிட்டேன்.

நேற்று அவளுக்கும் தலைவலி. "உன் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்தா வேற என்ன வரும்" என்றாள்.

கடைசிப் பலகை பண்டிகைக்கு மறுநாள் ஏறிவிடும். நீ பிரிக்கமாட்டேன் என்றாயே, பிரிப்பாய். எனக்குத் தெரியும்.

அண்ணன்
ரெய்னோ


ஹூஸ்டன்
டிசம்பர் 26, 1983, காலை

அண்ணா, அண்ணா,

ஹீட்டரைப் பற்றவைக்காதே. இந்தக் கடிதம் கையில் இருக்கும்போது அது எரிந்துகொண்டிருந்தால் கடிதத்தைப் போட்டுவிட்டு முதலில் அண்ணியை வெளியே கூட்டிக்கொண்டு போ.

இங்கே யாரும் பார்த்திராத குளிர் வந்துவிட்டது. குழாயெல்லாம் வெடித்துத் தெருவில் பனிக்கட்டி. எர்னெஸ்டோ வீட்டில் சூடாக்க ஒன்றுமில்லை. நேற்றுச் சாயந்திரம் இறைச்சி சுடுகிற கரியடுப்பைக் கூடத்துக்குள் தூக்கிவைத்து, கதவு ஜன்னலெல்லாம் அடைத்திருக்கிறான். நான் பண்டிகைக்குக் கேக் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வா எல்டன், கேக் கொண்டுவரலையா?" என்றான், கேக் என் கையில் இருக்கிறது. உட்கார்ந்ததும் மறுபடி, "கேக் கொண்டுவரலையா?" என்றான். அவன் மனைவி ஒரு மூலையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது, பண்டிகையும் அதுவுமாகப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் குடித்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அவன் வாயருகே குனிந்தேன். வாசனையே இல்லை. எர்னெஸ்டோ குடிக்கவே மாட்டான் அண்ணா, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் அதைத்தான் முதலில் நினைத்தேன்.

தீயணைப்பு ஆட்கள் வந்து எல்லோரையும் புல்வெளியில் படுக்கவைத்து மூச்சுக்கு ஆக்சிஜன் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் சொன்னார், "அடைச்ச அறைல கரியோ எண்ணெயோ எரிஞ்சா விஷவாயு சேரும். வாடை இருக்காது, நிறம் இருக்காது. குடிச்ச மாதிரியே இருக்கும். பேச்சு குழறும், கால் தள்ளாடும், சொன்னதையே சொல்லுவாங்க. வெளிய காத்துல வந்தா தெளிஞ்சுடும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது."

சொன்னதையே சொல்லுவாங்க என்றதும் எனக்கு உயிர் போய்விட்டது. ராத்திரியே வீட்டுக்கு ஓடினேன். உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று பிரிக்காமல் குளிர்பெட்டியின் மேல் வைத்திருந்தேன். அப்போதுதான் பிரித்தேன். கட்டையை எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். விரிப்பை அடைத்ததாக எழுதியிருக்கிறாய். அண்ணி அங்கே உட்காருவதாக எழுதியிருக்கிறாய்.

மார்ட்டிக்கு அழைத்தேன், எடுக்கவில்லை, மகள் வீட்டுக்குப் போயிருப்பான். விடிய விடிய அழைத்தேன். உங்கள் ஊர்ப் போலீசான ஷெரிப் அலுவலகத்தில் ஒருவர் எடுத்து, சாலையெல்லாம் பனி மூடிக் கிடக்கிறது, பனியைத் தள்ளும் கலப்பை வண்டி வழி எடுத்ததும் ஆள் அனுப்புகிறோம் என்றார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அழைக்கிறேன், இப்போது என் குரலைக் கேட்டதுமே பெயர் சொல்கிறார். விமானம் எதுவும் கிளம்பவில்லை. இந்தக் கடிதம் உன்னிடம் வந்துசேர நாலு நாள் ஆகும் என்று தெரியும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் எழுதுகிறேன்.

நீ குடிக்கவில்லை. மூளையில் கட்டியும் இல்லை. அது ஹீட்டர். நீ ஈஸ்டரிலிருந்து குடிக்கவில்லை. நம்புகிறேன் அண்ணா. கதவைத் திற.

எல்டன்


வடக்கு மினசோட்டா
ஜனவரி 9, 1984

எல்டன்,

மருத்துவமனைக்கு நீ மூன்று தடவை அழைத்ததாகத் தாதி சொன்னாள். வேண்டுமென்றேதான் நான் எடுக்கவில்லை. வாயால் சொல்ல முடியாது என்று நினைத்தேன். எழுதவும் முடியவில்லை, இது நாலாவது தாள். எழுத்து கோணலாக இருந்தால் கை நடுக்கம்தான் காரணம். இனி அது போகாது என்கிறார்கள்.

ஷெரிப்பின் ஆள் இருபத்தாறாம் தேதி சாயந்திரம் வந்தான். கலப்பை வண்டிக்குப் பின்னாலேயே வந்திருக்கிறான். ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது, தட்டினால் பதில் இல்லை, கதவைத் தூக்கியிருக்கிறான். நான் படகுக்குள் கிடந்தேன், கையில் பலகையை இறுக்கும் கவ்வியோடு. ஐலி நாற்காலியில் இருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து முதலில் என்னைத்தான் இழுத்தானாம். பனியில் போட்டதும் எனக்கு மூச்சு வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் இதயம் என்னுடையதைப்போல முரட்டு இதயம் இல்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும். மடியில் உன் ஸ்வெட்டர், ஒரு கை பாக்கி.

உன் டிசம்பர் 26 கடிதம் நான் வீட்டுக்கு வந்த அன்று கதவருகே கிடந்தது. படித்தேன். ஒவ்வொரு வரியையும் படித்தேன்.

டாக்டர் என் ரத்தத்தை இரண்டு விதமாகப் பார்த்தாராம். "பழைய பதிவுல குடி இருந்துச்சு, அதனால அதையும் பாத்தோம். ஒரு சொட்டு இல்ல. ஆனா ரத்தம் முழுக்க அந்த ஹீட்டரோட விஷவாயு" என்றார். இதை அவர் என்னிடம் சொன்னபோது, ஐலியிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று எழுந்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. அவளுக்குச் சொல்லத் தேவையும் இல்லை. பண்டிகைக்கு முதல் நாள் ராத்திரி நான் இழைப்புளியை வைத்துவிட்டுக் கேட்டேன், "நீயும் நான் குடிக்கிறேன்னுதான் நினைக்கிறியா?" என்று. பின்னலிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள், "லூசா உனக்கு? உன்கூட ஒரே படுக்கைல படுக்கிறவளுக்குத் தெரியாதா? எல்டன் கேட்டான், வர்றேன்னு சொல்லிட்டேன். இப்போ வராம இருக்கத்தான் முடியல."

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்தது நீ. அந்தக் கதவைத் திறக்கவைத்ததும் நீ. படுத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறி நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க வரவில்லை. என் பங்கும் இருக்கிறது. கட்டையை முதலில் படுக்கப் போட்டவன் நான். சுவருக்குப் பனி அணைத்தவன் நான். அவள் கட்டையை எடுத்தபோது சும்மா இருந்தவன் நான். அப்பா அந்தக் கட்டையை ஏன் நிற்கவைத்தார் என்று நாம் இரண்டு பேரும் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் தொண்டையிலேயே நிற்கிறது, துப்பிவிடுகிறேன். முதல் கடிதத்தில் கட்டை வைத்தாயா என்று கேட்டாய். அதற்குப் பிறகு ஒரு கடிதத்திலும் அதைக் கேட்கவில்லை. குடித்தாயா என்றுதான் கேட்டாய். நான் தலைவலி என்று எழுதினேன், விழுந்தேன் என்று எழுதினேன், கட்டை படுத்திருக்கிறது என்றுகூட எழுதினேன். எல்லாவற்றையும் நீ பாட்டிலுக்குள் போட்டுப் படித்தாய். அந்தப் பாட்டிலை உனக்குக் காட்டிப் பழக்கியவன் நான்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் வலிக்கிறது.

ஹீட்டரை உடைத்துவிட்டேன். பற்றவைக்காமலே. படகு அப்படியே இருக்கிறது. கடைசிப் பலகை பிரமாதமாக ஒட்டியிருக்கிறது, ஒரு முடி நுழையாது. அந்த ராத்திரி சூடு அவ்வளவு நன்றாக இருந்தது.

இன்னும் அடக்கம் செய்யவில்லை. மண் இரும்பாகக் கிடக்கிறது, இங்கே வழக்கம் உனக்குத் தெரியும், இளகிய பிறகுதான் தோண்டுவார்கள். இந்தக் குளிர்காலத்தில் போன மற்றவர்களோடு அவளையும் கல்லறைத் தோட்டத்துக் கல்மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே சூடு கிடையாது. பாதம் சில்லிட்டால் அவளுக்குப் பிடிக்காது என்று எனக்கு நினைப்பு வந்துகொண்டே இருக்கிறது. பாதிரியாரிடம் கேட்டு, என் கம்பளிக் காலுறையைப் போட்டுவிட்டு வந்தேன்.

மார்ட்டி தினமும் சூப் கொண்டுவருகிறான். உன்னைப்போலக் கத்தி நடித்துக் காட்டுவதை விட்டுவிட்டான்.

மே மாதம் மண் தோண்டுவார்கள். நீ ஏற்கெனவே விடுப்புக் கேட்டு வைத்திருக்கிறாய். பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். மார்ட்டியும் சுரங்கத்து ஆட்களுமாக ஐந்து பேர் ஆகிவிட்டது. ஆறாவது ஆளுக்கு நான் வேறு யாரையும் கேட்கப்போவதில்லை.

ரெய்னோ